உடலொத்த இயக்குநீர் சிகிச்சை

உடலொத்த இயக்குநீர் சிகிச்சை என்பது, பெண்ணின் உடலில் இயல்பாகச் சுரக்கும் இயக்குநீர்களை மூலக்கூறு அமைப்பில் முற்றிலும் ஒத்திருக்கும் மருந்துகளைக் கொண்டு செய்யப்படும் சிகிச்சை முறை ஆகும். இயக்குநீர்கள் ஹார்மோன்கள் என்ற பெயராலும் பரவலாக அறியப்படுகின்றன. மாதவிடாய் நிறுத்தத்தை ஒட்டி ஏற்படும் தொல்லைகளைத் தணிப்பதற்கும், கருத்தரிப்புச் சிகிச்சைகளில் கருப்பையை ஆயத்தப்படுத்துவதற்கும் இம்மருந்துகள் பயன்படுகின்றன. எஸ்ட்ரடையால், புரோஜெஸ்டிரோன் ஆகிய இரண்டும் இவற்றுள் முதன்மையானவை.

ஐக்கிய அமெரிக்காவில் 2002 ஆம் ஆண்டுக்குப் பின்னர் இச்சிகிச்சை பெரும் கவனத்தையும் அதே அளவு சர்ச்சையையும் பெற்றது. "உடலொத்தது" என்ற ஒரே சொல், முறையாகச் சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்ற மருந்துகளையும், மருந்தகங்களில் தனித்தனியாகக் கலந்து தயாரிக்கப்படும் சோதிக்கப்படாத கலவைகளையும் குறித்து வந்ததே இச்சர்ச்சைக்கு முக்கியக் காரணம் ஆகும்.

பெயரும் பொருளும்

அறிவியல் நோக்கில் உடலொத்த இயக்குநீர் என்பது மூலக்கூற்றின் அமைப்பை மட்டுமே குறிக்கும். சூலகத்தில் சுரக்கும் எஸ்ட்ரடையாலும் ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கப்படும் எஸ்ட்ரடையாலும் ஒரே வேதிப்பொருளே. இரண்டின் வாய்பாடும் C எழுத்தின்றிச் சொல்வதானால் 18 கரிம அணுக்கள், 24 நீரிய அணுக்கள், 2 உயிர்வாயு அணுக்கள் என்பதாகும். அவ்வணுக்கள் பிணைந்திருக்கும் முறையும் ஒன்றே. உடலின் உயிரணுக்களால் இவை இரண்டையும் வேறுபடுத்தி அறிய இயலாது.

இதற்கு மாறாக, சில இயக்குநீர் மருந்துகள் உடலில் இல்லாத அமைப்பைக் கொண்டவை. அவற்றுள் சில:

- எத்தினைல் எஸ்ட்ரடையால்: 1938 இல் செருமனியில் உருவாக்கப்பட்டது. கருத்தடை மாத்திரைகளில் பயன்படுகிறது.
- மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் அசிட்டேட்: புரோஜெஸ்டிரோனைப் போலச் செயற்படும் செயற்கைப் பொருள்.
- டைட்ரோஜெஸ்டிரோன்: புரோஜெஸ்டிரோனை மிக நெருங்கிய அமைப்புடையது, ஆனால் அதனோடு முற்றும் ஒத்ததன்று.
- குதிரை எஸ்ட்ரோஜன்கள்: சினையுற்ற பெண் குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பல எஸ்ட்ரோஜன்களின் கலவை.

"இயற்கையானது" என்ற சொல்லும் "உடலொத்தது" என்ற சொல்லும் ஒரே பொருள் உடையவை அல்ல. குதிரை எஸ்ட்ரோஜன் இயற்கையில் கிடைப்பது. ஆயினும் மனித உடலை முழுதும் ஒத்ததன்று. மாறாக, உடலொத்த எஸ்ட்ரடையால் தாவரப் பொருளிலிருந்து பல வேதிவினைகளின் வழியே தொழிற்சாலையில் தயாரிக்கப்படுவது.

உடலியங்கியல்

பெண் குழந்தை பிறக்கும்போது அதன் சூலகங்களில் ஏறத்தாழ 10 இலட்சம் முதல் 20 இலட்சம் சூல்முட்டைகள் இருக்கும். பூப்பெய்தும் காலத்தில் இவை சில இலட்சங்களாகக் குறைந்துவிடுகின்றன. ஒரு பெண்ணின் வாழ்நாளில் ஏறத்தாழ 400 சூல்முட்டைகளே முதிர்ந்து வெளியேறுகின்றன. எஞ்சியவை தாமாகவே அழிகின்றன.

மாதவிடாய்ச் சுழற்சியின் முதற்பாதியில், வளரும் சூல்முட்டையைச் சூழ்ந்துள்ள உயிரணுக்கள் எஸ்ட்ரடையாலைச் சுரக்கின்றன. இது கருப்பையின் உட்படலத்தைத் தடிக்கச் செய்கிறது. சூல்முட்டை வெளியேறிய பின்னர், அது இருந்த இடத்தில் மஞ்சட்சடலம் என்னும் தற்காலிகச் சுரப்பி உருவாகிறது. மஞ்சட்சடலம் சுரக்கும் புரோஜெஸ்டிரோன், தடித்த உட்படலத்தை மேலும் வளரவிடாது நிறுத்தி, கரு பதிவதற்கு ஏற்ற நிலைக்குக் கொண்டுவருகிறது. கரு பதியாவிடில் மஞ்சட்சடலம் சுருங்கும். புரோஜெஸ்டிரோன் அளவு வீழ்ச்சியடையும். உட்படலம் மாதவிடாயாக வெளியேறும்.

சுருங்கக் கூறின், எஸ்ட்ரடையால் உட்படலத்தை வளர்க்கிறது; புரோஜெஸ்டிரோன் அவ்வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது. இச்சிகிச்சை தொடர்பான நன்மை தீமைகள் பலவற்றையும் புரிந்துகொள்ள இவ்வுறவே அடிப்படையாகும்.

சூல்முட்டைகள் தீரும் நிலையில் சூலகங்கள் எஸ்ட்ரடையால் சுரப்பதை ஏறத்தாழ நிறுத்திவிடுகின்றன. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால் அது மாதவிடாய் நிறுத்தம் எனக் கொள்ளப்படுகிறது. மேலை நாடுகளில் இதன் சராசரி வயது ஏறத்தாழ 51 ஆகும். அதன் பின்னர், கொழுப்புத் திசுக்களில் உருவாகும் எஸ்ட்ரோன் என்னும் வலுக்குறைந்த எஸ்ட்ரோஜனே உடலில் மிகுந்திருக்கும். எஸ்ட்ரியால் என்னும் மூன்றாவது எஸ்ட்ரோஜன் கருவுற்ற காலத்திலேயே பெருமளவில் உருவாகிறது.

மூலப்பொருளும் தயாரிப்பும்

1929 இல் எட்வர்டு டாய்சி என்ற அமெரிக்கரும் அடால்ஃப் புட்டனான்ட் என்ற செருமானியரும் தனித்தனியே எஸ்ட்ரோனைப் பிரித்தெடுத்தனர். 1934 இல் புரோஜெஸ்டிரோன் தூய நிலையில் பிரிக்கப்பட்டது. ஆனால் விலங்குத் திசுக்களிலிருந்து மிகச் சிறிய அளவே பெற முடிந்ததால், இவற்றை மருந்தாகப் பயன்படுத்துவது அரிதாக இருந்தது.

இத்தடையை நீக்கியவை தாவரங்கள் ஆகும். பெர்சி சூலியன் என்ற அமெரிக்க வேதியியலாளர் சோயா அவரையிலிருந்து கிடைக்கும் சிடிக்மாசிட்டிரால் என்ற பொருளைக் கொண்டு புரோஜெஸ்டிரோன் தயாரித்தார். இரசல் மார்க்கர் என்பவர் மெக்சிக்கோவில் வளரும் ஒருவகைக் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து டயோஸ்ஜெனின் என்ற பொருளைப் பிரித்து, அதனைப் புரோஜெஸ்டிரோனாக மாற்றும் முறையைக் கண்டறிந்தார். 1943 இல் அவர் ஏறத்தாழ 3 கிலோகிராம் புரோஜெஸ்டிரோனைத் தயாரித்தார். அக்காலத்தில் இது வியக்கத்தக்க அளவாகும். 1944 இல் மெக்சிக்கோவில் நிறுவப்பட்ட சின்டெக்சு நிறுவனம் இம்முறையைப் பின்பற்றியது.

புரோஜெஸ்டிரோனை வாய்வழியே உட்கொண்டால் அது குடலில் சரிவர உறிஞ்சப்படுவதில்லை. கல்லீரலிலும் விரைவில் சிதைகிறது. இதனாலேயே செயற்கை மாற்றுப் பொருள்கள் பல உருவாக்கப்பட்டன. பின்னர், புரோஜெஸ்டிரோனை மிக நுண்ணிய துகள்களாக அரைத்து எண்ணெயில் கலந்து அளித்தால் உறிஞ்சப்படும் அளவு உயர்வது அறியப்பட்டது. நுண்துகள் புரோஜெஸ்டிரோன் எனப்படும் இவ்வடிவம் பிரான்சில் 1980 இல் விற்பனைக்கு வந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1998 இல் ஒப்புதல் பெற்றது. அங்கு முதலில் ஒப்புதல் பெற்ற உறைமாத்திரையில் நிலக்கடலை எண்ணெய் இருப்பதால், நிலக்கடலை ஒவ்வாமை உடையோர் அதனைத் தவிர்க்க வேண்டும்.

வரலாறு

தொடக்க காலம்

குதிரை எஸ்ட்ரோஜன் கலவை மாத்திரை 1942 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 1966 இல் இராபர்ட் வில்சன் என்ற மருத்துவர் எழுதிய நூல் ஒன்று, மாதவிடாய் நிறுத்தத்தை ஒரு குறைபாட்டு நோயாகவும் எஸ்ட்ரோஜனை அதற்கான தீர்வாகவும் காட்டியது. இதனைத் தொடர்ந்து எஸ்ட்ரோஜன் விற்பனை பெருகியது.

அக்காலத்தில் பல பெண்களுக்கு எஸ்ட்ரோஜன் மட்டுமே தனியாக அளிக்கப்பட்டது. 1975 இல் வெளியான ஆய்வுகள், இவ்வாறு எஸ்ட்ரோஜனைத் தனியாக உட்கொண்ட பெண்களிடம் கருப்பை உட்படலப் புற்றுநோய் பன்மடங்கு மிகுந்திருப்பதைக் காட்டின. கட்டுப்படுத்தும் புரோஜெஸ்டிரோன் இன்றி உட்படலம் தொடர்ந்து வளர்ந்ததே இதற்குக் காரணம். அதன் பின்னர், கருப்பை உள்ள பெண்களுக்கு எஸ்ட்ரோஜனுடன் புரோஜெஸ்டிரோனோ அதனை ஒத்த செயற்கைப் பொருளோ சேர்த்து அளிக்கும் வழக்கம் நிலைபெற்றது.

டைஎத்தில்சிடில்பெசுட்ரால்

கருத்தரிப்பு மருத்துவத்திலும் இதைப் போன்ற கசப்பான நிகழ்வு ஒன்று உண்டு. டைஎத்தில்சிடில்பெசுட்ரால் என்னும் செயற்கை எஸ்ட்ரோஜன் 1938 இல் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டது. கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் இது கருவுற்ற பெண்கள் பலருக்கு அளிக்கப்பட்டது. 1953 இல் சிக்காகோவில் நடத்தப்பட்ட ஒப்பீட்டு ஆய்வு, இம்மருந்தால் பயனில்லை எனக் காட்டியது. எனினும் பயன்பாடு தொடர்ந்தது. 1971 இல், தாயின் வயிற்றில் இருந்தபோது இம்மருந்துக்கு உட்பட்ட இளம்பெண்களிடம் யோனியில் தோன்றும் அரிய வகைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் கருவுற்ற பெண்களுக்கு இதனை அளிக்கக் கூடாது என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிவுறுத்தியது. நன்மை உண்டு என்ற எண்ணம் மட்டும் போதாது, சான்றும் வேண்டும் என்பதற்கு மருத்துவ நூல்களில் இது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

பெண்கள் நலத் திட்ட ஆய்வு

1990களில் ஐக்கிய அமெரிக்காவில் பெண்கள் நலத் திட்டம் என்ற பெரிய ஆய்வு தொடங்கப்பட்டது. இதன் ஒரு பிரிவில் 50 முதல் 79 வயது வரையிலான, கருப்பை உள்ள 16,608 பெண்கள் பங்கேற்றனர். ஒரு குழுவினருக்குக் குதிரை எஸ்ட்ரோஜனும் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் அசிட்டேட்டும், மறு குழுவினருக்கு மருந்துப்போலியும் அளிக்கப்பட்டன. 8.5 ஆண்டுகளுக்குத் திட்டமிடப்பட்ட இப்பிரிவு, சராசரியாக 5.2 ஆண்டுகளில், 2002 சூலையில் நிறுத்தப்பட்டது.

அப்போது வெளியான முடிவுகளின்படி, ஓராண்டில் 10,000 பெண்களைக் கணக்கிட்டால் மருந்து பெற்ற குழுவில் காணப்பட்ட வேறுபாடுகள் பின்வருமாறு:

- மார்பகப் புற்றுநோய்: 8 பேர் கூடுதல்
- இதயக் குருதிக்குழாய் நோய்: 7 பேர் கூடுதல்
- பக்கவாதம்: 8 பேர் கூடுதல்
- நுரையீரலில் குருதிக்கட்டி அடைப்பு: 8 பேர் கூடுதல்
- பெருங்குடல் புற்றுநோய்: 6 பேர் குறைவு
- இடுப்பெலும்பு முறிவு: 5 பேர் குறைவு

இச்செய்தி வெளியானதும் இலட்சக்கணக்கான பெண்கள் மருந்தை நிறுத்தினர். ஆய்வில் பங்கேற்றோரின் சராசரி வயது 63 என்பதும், அவர்களுள் பெரும்பாலோர் மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கடந்தவர்கள் என்பதும் அப்போது போதிய கவனம் பெறவில்லை. 60 வயதுக்குட்பட்டு, மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள் சிகிச்சை தொடங்கும் பெண்களுக்கு இதய நோய் இடர் இவ்வாறு உயர்வதில்லை என்பது பின்னைய பகுப்பாய்வுகளில் தெரியவந்தது. கருப்பை நீக்கப்பட்ட 10,739 பெண்களுக்கு எஸ்ட்ரோஜன் மட்டும் அளித்த மற்றொரு பிரிவில் மார்பகப் புற்றுநோய் மிகவில்லை. ஆனால் பக்கவாதம் மிகுந்தது. 2017 இல் வெளியான 18 ஆண்டுத் தொடர் கண்காணிப்பில், மருந்து பெற்றோர்க்கும் மருந்துப்போலி பெற்றோர்க்கும் இடையே மொத்த இறப்பு வீதத்தில் வேறுபாடு காணப்படவில்லை.

உடலொத்த மருந்துகளின் எழுச்சி

2002 க்குப் பின்னர் பழைய மருந்துகளின் மீது நம்பிக்கை இழந்த பெண்கள் மாற்று வழியைத் தேடினர். அவர்களின் வெப்ப அலைகளும் உறக்கமின்மையும் மருந்தோடு சேர்ந்து நின்றுவிடவில்லை. சோதிக்கப்பட்டது குதிரை எஸ்ட்ரோஜனும் செயற்கைப் பொருளுமே. உடலொத்தவை தீங்கற்றவை என்ற கருத்து இச்சூழலில் விரைந்து பரவியது. நடிகை சுசான் சோமர்சு 2004 இலும் 2006 இலும் வெளியிட்ட நூல்கள் இதற்குத் துணைபுரிந்தன. மருந்தகங்களில் கலந்து தயாரிக்கப்படும் களிம்புகள், உறைமாத்திரைகள், தோலின் அடியில் பதிக்கும் வில்லைகள் முதலியவை பெருமளவில் விற்பனையாயின.

இரு வகைகள்

ஒப்புதல் பெற்றவை

இவை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளால் சோதித்து ஏற்கப்பட்ட உடலொத்த மருந்துகள். ஒவ்வொரு மாத்திரையிலும் உள்ள மருந்தின் அளவு, தூய்மை, உறிஞ்சப்படும் வீதம் ஆகியவை உறுதி செய்யப்பட்டிருக்கும். பக்க விளைவுகள் பற்றிய குறிப்பும் உடன் இருக்கும். எஸ்ட்ரடையால் மாத்திரை, தோலில் ஒட்டும் பட்டை, களி, யோனியில் வைக்கும் மாத்திரை, நுண்துகள் புரோஜெஸ்டிரோன் ஆகியவை இவ்வகையின. எஸ்ட்ரடையாலும் புரோஜெஸ்டிரோனும் ஒரே உறைமாத்திரையில் சேர்ந்த மருந்து 2018 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

கலந்து தயாரிக்கப்படுபவை

இவை மருத்துவரின் சீட்டுக்கு ஏற்ப ஒரு மருந்தகத்தில் தனியாகக் கலக்கப்படுபவை. ஒப்புதல் பெற்ற மருந்தில் உள்ள ஏதேனும் ஒரு பொருள் ஒருவருக்கு ஒவ்வாதபோது, அது நீங்கலாக மருந்து தயாரித்துக் கொடுப்பதே இவ்வேற்பாட்டின் உண்மையான நோக்கம். நிலக்கடலை ஒவ்வாமை உடையவருக்கு வேறு எண்ணெயில் புரோஜெஸ்டிரோன் கலந்து தருவது இதற்கு எடுத்துக்காட்டாகும்.

ஆனால் நடைமுறையில் இரண்டு அல்லது மூன்று எஸ்ட்ரோஜன்களின் கலவை, புரோஜெஸ்டிரோன் களிம்பு, டெஸ்டோஸ்டிரோன் வில்லை முதலியன பொதுப் பயன்பாட்டுக்காகவே தயாரிக்கப்பட்டன. இவற்றின் முடிவு நிலை சோதிக்கப்படுவதில்லை. ஒரு தொகுதியில் உள்ள மருந்தின் அளவு மற்றொரு தொகுதியில் மாறுபடலாம். இக்கலவைகளில் இடம்பெறும் எஸ்ட்ரியால், ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ஒப்புதல் பெற்ற மருந்தாயினும், ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற எம்மருந்திலும் இடம்பெறவில்லை.

மாதவிடாய் நிறுத்தத்தில் பயன்பாடு

இச்சிகிச்சை பின்வரும் நிலைகளில் பயனளிப்பது நிறுவப்பட்டுள்ளது:

- வெப்ப அலைகளும் இரவு வியர்வையும்: இவற்றைத் தணிப்பதில் எஸ்ட்ரோஜனே மிகவும் பயனுள்ள மருந்தாகும்.
- யோனி வறட்சி, சிறுநீர்த் தொல்லைகள்: இவற்றுக்கு உள்ளிடத்தில் மட்டும் இடப்படும் குறைந்த அளவு எஸ்ட்ரோஜனே பெரும்பாலும் போதுமானது.
- எலும்புப்புரை: எலும்பின் அடர்த்தி குறைவதைத் தடுத்து, முறிவுகளைக் குறைக்கிறது.
- 40 வயதுக்கு முன்னரே சூலகம் செயலிழத்தல்: இப்பெண்களுக்கு, இயல்பான மாதவிடாய் நிறுத்தத்தின் சராசரி வயது வரையிலேனும் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. இங்கு இது தொல்லைகளைத் தணிப்பதோடு நில்லாமல், எலும்பையும் இதயத்தையும் காப்பதற்கும் உதவுகிறது.

மருந்து உடலுக்குள் செல்லும் வழியும் முக்கியமானது. வாய்வழி உட்கொள்ளும் எஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேரே கல்லீரலை அடைகிறது. அங்கு அது குருதி உறைதலுக்கான புரதங்களின் உற்பத்தியை மாற்றுகிறது. தோல்வழிச் செல்லும் எஸ்ட்ரடையால் இவ்வழியைத் தவிர்க்கிறது. பிரான்சில் செய்யப்பட்ட ஆய்வுகளில், வாய்வழி எஸ்ட்ரோஜன் பயன்படுத்தியோரிடம் சிரைகளில் குருதிக்கட்டி தோன்றுவது மிகுந்தது. தோல்வழிப் பயன்படுத்தியோரிடம் அவ்வாறு மிகவில்லை. மூலக்கூறு ஒன்றாயினும், அது செல்லும் வழி வேறுபட்டால் இடரும் வேறுபடலாம் என்பது இதனால் விளங்கும்.

கருப்பை நீக்கப்பட்ட பெண்களுக்குப் பொதுவாகப் புரோஜெஸ்டிரோன் தேவைப்படுவதில்லை. கருப்பை உள்ள பெண்கள் உடல் முழுவதும் பரவும் எஸ்ட்ரோஜனைப் பெறும்போது, போதிய அளவு புரோஜெஸ்டிரோனையும் பெறுவது இன்றியமையாதது.

கருவளச் சிகிச்சையில் பயன்பாடு

கருவின் தொடக்க வாரங்களில் மஞ்சட்சடலம் சுரக்கும் புரோஜெஸ்டிரோனே கருவைத் தாங்குகிறது. ஏறத்தாழ 7 முதல் 9 வாரங்களில் சூல்வித்தகம் இப்பணியை ஏற்கிறது. 1970களில் ஆர்பாட் சாப்போ என்பவர் செய்த ஆய்வுகள், அதற்கு முன்னர் மஞ்சட்சடலத்தை நீக்கினால் கருச்சிதைவு ஏற்படுவதையும், புரோஜெஸ்டிரோன் அளித்தால் கரு காக்கப்படுவதையும் காட்டின.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1984 இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பமாக அமைந்தது. சூலகம் செயலிழந்த ஒரு பெண்ணின் கருப்பையில், மற்றொரு பெண்ணின் சூல்முட்டையிலிருந்து உருவான கரு வைக்கப்பட்டது. அவரது கருப்பை எஸ்ட்ரடையால் வாலரேட்டாலும் புரோஜெஸ்டிரோனாலும் ஆயத்தப்படுத்தப்பட்டிருந்தது. எஸ்ட்ரடையால் வாலரேட் உடலினுள் எஸ்ட்ரடையாலாக மாறும் பொருளாகும். அக்கரு குழந்தையாகப் பிறந்தது. செயற்படும் சூலகம் இல்லாத பெண்ணும், இவ்விரு இயக்குநீர்களின் துணையுடன் கருவைச் சுமக்க இயலும் என்பதை இது மெய்ப்பித்தது.

தற்காலத்தில் உடலொத்த இயக்குநீர்கள் கருவளச் சிகிச்சையில் பின்வருமாறு பயன்படுகின்றன:

- சோதனைக்குழாய் முறையில் கருக்கட்டலுக்குப் பின்: சூலகம் ஊசிகளால் தூண்டப்படும்போது மஞ்சட்சடலத்தின் செயற்பாடு குன்றுகிறது. எனவே புரோஜெஸ்டிரோன் யோனி வழியாகவோ ஊசி மூலமாகவோ அளிக்கப்படுகிறது.
- உறைநிலையில் காத்த கருவை வைக்கும்போது: எஸ்ட்ரடையாலால் உட்படலம் வளர்க்கப்பட்டு, பின்னர் புரோஜெஸ்டிரோன் சேர்க்கப்படுகிறது. மஞ்சட்சடலம் உருவாகாத இம்முறையில், கருவுற்ற காலத்தில் உயர் குருதி அழுத்த நோய் சற்று மிகுவதாகக் கண்காணிப்பு ஆய்வுகள் கூறுகின்றன. இதனால், மாதவிடாய் ஒழுங்காக வரும் பெண்களுக்கு இயல்பான சுழற்சியைப் பயன்படுத்தும் முறையும் கையாளப்படுகிறது.
- கருச்சிதைவு அச்சம் உள்ளபோது: இதன் பயன் குறுகிய வரம்புக்குட்பட்டது.

கடைசியாகக் குறிப்பிட்ட பயன்பாடு பற்றி பிரித்தானியாவில் இரு பெரிய ஆய்வுகள் நடைபெற்றன. காரணம் அறியப்படாது தொடர்ந்து கருச்சிதைவுற்ற 836 பெண்களிடம் செய்யப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வில், புரோஜெஸ்டிரோன் பெற்றோருள் 65.8 விழுக்காட்டினரும் மருந்துப்போலி பெற்றோருள் 63.3 விழுக்காட்டினரும் உயிருடன் குழந்தை பெற்றனர். இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதன்று. 2019 இல் வெளியான மற்றோர் ஆய்வில், கருவுற்ற தொடக்கத்தில் உதிரப்போக்கு ஏற்பட்ட 4,153 பெண்கள் பங்கேற்றனர். மொத்தத்தில் இதிலும் தெளிவான வேறுபாடு இல்லை. ஆனால் முன்னர் 3 அல்லது அதற்கு மேற்பட்ட கருச்சிதைவுகளைக் கண்டவர்களை மட்டும் நோக்கியபோது, புரோஜெஸ்டிரோன் பெற்றோருள் 72 விழுக்காட்டினரும் பெறாதோருள் 57 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். இதனடிப்படையில் 2021 இல் இங்கிலாந்தின் வழிகாட்டுதல், முன்பு கருச்சிதைவுற்று, தற்போதைய கருக்காலத்தில் உதிரப்போக்கும் உள்ள பெண்களுக்குப் புரோஜெஸ்டிரோனைப் பரிந்துரைத்தது.

இயக்குநீர்கள் கருப்பையை ஆயத்தப்படுத்துமே அன்றி, தீர்ந்துபோன சூல்முட்டைகளை மீண்டும் உருவாக்கா. சூல்முட்டைகளின் எண்ணிக்கை குறைந்த பெண்ணின் கருவளத்தை உடலொத்த மருந்து மீட்டுத் தரும் என்ற கூற்றுக்குச் சான்று இல்லை.

செயற்கைப் பொருள்களுடன் ஒப்பீடு

உடலொத்த புரோஜெஸ்டிரோனுக்குச் சில நற்கூறுகள் உண்டு. 1995 இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நுண்துகள் புரோஜெஸ்டிரோன் பெற்ற பெண்களிடம் நல்ல கொழுப்பு எனப்படும் உயர் அடர்த்திக் கொழுப்புப்புரதம், மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் பெற்றோரைவிட நன்னிலையில் இருந்தது. பிரான்சில் பெண்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வில், எஸ்ட்ரோஜனுடன் புரோஜெஸ்டிரோன் பெற்றோரிடம் மார்பகப் புற்றுநோய் இடர், செயற்கைப் பொருள்கள் பெற்றோரைவிடக் குறைவாகக் காணப்பட்டது.

எனினும் பின்னது கண்காணிப்பு ஆய்வே. பெண்கள் நலத் திட்டத்தைப் போல, பங்கேற்போரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்யப்பட்ட பெரிய ஆய்வு உடலொத்த மருந்துகளுக்கு நடத்தப்படவில்லை. மேலும் இந்நற்கூறுகள் ஒப்புதல் பெற்ற மருந்துகளில் கண்டறியப்பட்டவை. அளவு உறுதி செய்யப்படாத கலவைகளுக்கு அவற்றை அப்படியே பொருத்திக் கூற இயலாது.

தீங்குகளும் எச்சரிக்கைகளும்

தலைவலி, மார்பக வலி, உதிரக்கசிவு, வயிற்று உப்புசம் ஆகியவை பொதுவான பக்க விளைவுகள். வாய்வழிப் புரோஜெஸ்டிரோன் தூக்கத்தை உண்டாக்கும் என்பதால் இரவில் உட்கொள்ளப்படுகிறது.

மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள், காரணம் அறியப்படாத உதிரப்போக்கு உள்ளவர்கள், குருதிக்கட்டி, பக்கவாதம் அல்லது மாரடைப்புக்கு உள்ளானவர்கள், கடுமையான கல்லீரல் நோய் உடையவர்கள் ஆகியோருக்குப் பொதுவாக இச்சிகிச்சை அளிக்கப்படுவதில்லை. மாதவிடாய் நின்ற பின்னர் ஏற்படும் எவ்வித உதிரப்போக்கும் மருத்துவரால் ஆராயப்பட வேண்டியதாகும்.

புரோஜெஸ்டிரோன் களிம்பு தனிக்கவனத்துக்கு உரியது. தோலில் தடவும் புரோஜெஸ்டிரோன், எஸ்ட்ரோஜனால் வளரும் உட்படலத்தைக் காக்கப் போதுமான அளவில் உட்செல்வது நிறுவப்படவில்லை. எனவே எஸ்ட்ரோஜனுடன் இக்களிம்பை மட்டும் நம்பியிருப்பவர், உண்மையில் எஸ்ட்ரோஜனைத் தனியாகப் பெற்றவரின் நிலைக்குத் தள்ளப்படலாம். 1975 இல் அறியப்பட்ட அதே இடர் இங்கும் எழுகிறது.

பரவலான தவறான கருத்துகள்

- உடலொத்தது எனில் தீங்கற்றது: உடலில் சுரக்கும் எஸ்ட்ரடையாலே உட்படலத்தை வளர்க்கிறது. மூலக்கூறு ஒத்திருந்தால் அதன் இயல்பான விளைவுகளும், அவற்றோடு வரும் இடர்களும் ஒத்திருக்கும்.
- எச்சில் சோதனையால் மருந்தின் அளவைத் தீர்மானிக்கலாம்: எச்சிலில் காணப்படும் இயக்குநீர் அளவு நாளுக்கு நாள், வேளைக்கு வேளை மாறுபடும். அது குருதியிலுள்ள அளவையோ தொல்லையின் கடுமையையோ நம்பத்தக்க முறையில் காட்டுவதில்லை. தொல்லைகள் தணிவதைக் கொண்டே மருந்தின் அளவு பெரும்பாலும் முடிவு செய்யப்படுகிறது.
- காட்டு வள்ளிக்கிழங்குக் களிம்பு புரோஜெஸ்டிரோனைத் தரும்: டயோஸ்ஜெனினைப் புரோஜெஸ்டிரோனாக மாற்றும் வினை ஆய்வுக்கூடத்தில் மட்டுமே நிகழும். மனித உடலால் அதனைச் செய்ய இயலாது.
- இச்சிகிச்சை கருத்தடையாகவும் அமையும்: மாதவிடாய் ஒழுங்கற்று வரும் காலத்திலும் கருத்தரிக்க வாய்ப்புண்டு. இச்சிகிச்சையின் மருந்தளவு பொதுவாகச் சூல்முட்டை வெளியேறுவதைத் தடுக்கப் போதாது.

ஒழுங்குமுறை

2008 சனவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், கலவைகளைப் பற்றிச் சான்றற்ற விளம்பரம் செய்த 7 மருந்தகங்களுக்கு எச்சரிக்கை மடல் அனுப்பியது. 2012 இல், ஒரு கலவை மருந்தகத்தின் மாசுற்ற சிடீராய்டு ஊசியால் அந்நாட்டில் பூஞ்சை மூளையுறை அழற்சி பரவிப் பலர் உயிரிழந்தனர். அது இயக்குநீர் சிகிச்சைக்கான மருந்து அன்று. ஆயினும் இந்நிகழ்வைத் தொடர்ந்து, கலவை மருந்தகங்களைக் கண்காணிக்க 2013 இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது.

2020 இல் அமெரிக்கத் தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் இக்கலவைகளைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டன. இவற்றின் பாதுகாப்புக்கும் பயனுக்கும் போதிய சான்று இல்லை என்றும், ஒவ்வாமை அல்லது தேவையான மருந்து வடிவம் கிடைக்காமை போன்ற காரணங்களுக்காக மட்டுமே இவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்றும் அவ்வறிக்கை பரிந்துரைத்தது.

2025 நவம்பரில், ஒப்புதல் பெற்ற இயக்குநீர் மருந்துகளின் உறைகளில் இடம்பெற்றிருந்த இதய நோய், மார்பகப் புற்றுநோய், மறதி நோய் பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கைகளை நீக்கும் நடவடிக்கையை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிவித்தது. உடல் முழுவதும் பரவும் எஸ்ட்ரோஜனைத் தனியாகப் பயன்படுத்துவதால் வரும் கருப்பை உட்படலப் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கையை மட்டும் அது நீக்க முற்படவில்லை. உடலொத்த எஸ்ட்ரடையாலுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.